மலையக இளைஞரும் மெக்கட்ரோனிக்ஸ் கல்வியும்



நுவரெலியாவிலிருந்து தலவாக்கலை வழியாக அட்டனுக்குச் செல்லும் பாதையிற் பயணஞ் செய்தோர், மலைச்சரிவுகளின் நடுவே பல மாடிகளும் வரிசை வரிசையாகக் கண்ணாடிச் சாளரங்களும் கொண்ட நீண்ட தகரக் கட்டடங்களைக் கண்டிருப்பர். புத்தகத்தில் அவற்றின் பெயர் தேயிலைத் தொழிற்சாலை. தோட்டத்து மக்களின் வாயில் அதன் பெயர் ஸ்டோர். கொழுந்து மிகுந்த காலத்தில் அந்த ஸ்டோர் இரவெல்லாம் ஓயாது. லயத்திற் பிறந்த குழந்தை தாலாட்டுக் கேட்டு உறங்கிய இரவுகளைவிட, ரோலர் உருளும் ஓசை கேட்டு உறங்கிய இரவுகளே மிகுதி என்றுகூடச் சொல்லலாம்.

இவ்வாறு இயந்திர ஓசையிலே வளரும் பிள்ளை, அந்த இயந்திரங்களைப் பயில்வதற்கென்றே ஒரு கல்வி உண்டு என்பதனை அறியாமலே பதினாறு வயதை எய்துகிறது. க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை முடிகிறது. பெறுபேறு வருமுன்னரே பிள்ளை கொழும்புக்குப் பஸ் ஏறி, ஏதோவொரு கடையிலோ உணவகத்திலோ வேலைக்கு அமர்ந்துவிடுகிறது. அப்படி அமர்ந்தவர்களிற் பலர் மீண்டும் புத்தகத்தைத் திறப்பதில்லை. அந்தப் பஸ் புறப்படுமுன் சொல்லவேண்டிய சில செய்திகளைச் சொல்லவே இன்று உங்கள்முன் வந்திருக்கிறேன். எடுத்துக்கொண்ட பொருள் மெக்கட்ரோனிக்ஸ் என்னும் கல்வி. அதனை உயர் டிப்ளோமா வரை பயிலும் வழி.

பெயர் புதுமையாக இருக்கிறதே என்று மலைக்கவேண்டியதில்லை. 1969 ஆம் ஆண்டில், யப்பான் நாட்டு யஸ்காவா மின்பொறி நிறுவனத்திற் பணியாற்றிய தெட்சுரோ மோரி என்னும் பொறியியலாளர் கட்டிய சொல் இது. இயந்திரவியலைக் குறிக்கும் சொல்லின் தலையையும், இலத்திரனியலைக் குறிக்கும் சொல்லின் வாலையும் ஒட்டி அவர் இதனை ஆக்கினார். முதலில் அந்த நிறுவனத்தின் வணிகப் பெயராக இருந்தது; 1982 இல் நிறுவனம் அவ்வுரிமையைக் கைவிடவே, உலகம் முழுவதும் அதனை எடுத்தாண்டது. தமிழில் இதனை இயந்திர மின்னணுவியல் என்போரும் உளர். ரயிலையும் மோட்டாரையும் தன்னுள் ஏற்றுக்கொண்ட நம் மொழி இச்சொல்லையும் தாங்கும் என்று கருதி, இன்று மெக்கட்ரோனிக்ஸ் என்றே வழங்குகிறேன்.

சொல்லை விட்டுப் பொருளுக்கு வருவோம். இயந்திரத்துக்கு உடல் உண்டு: சக்கரம், அச்சு, பற்சில்லு, பெல்ட்டு ஆகியன. அந்த உடலுக்கு உணர்வும் அறிவும் ஊட்டுவது எப்படி என்பதே இக்கல்வியின் வினா. வினா பழையது. 1788 இல் ஜேம்ஸ் வாட் தமது நீராவி இயந்திரத்தில் இரண்டு இரும்புக் குண்டுகளைச் சுழலவிட்டார். வேகம் கூடினால் குண்டுகள் விரிந்து உயரும். அவை உயர்ந்தால் நீராவி வரும் வழி குறுகும். வேகம் தானே தணியும். மனிதக் கை படாமல் இயந்திரம் தன் வேகத்தைத் தானே உணர்ந்து தன்னைத் திருத்திக்கொண்டது. இத்தகைய வேகக் கட்டுப்படுத்தி நம் மலைநாட்டுக்கும் அந்நியமன்று. அருவி நீரால் இயங்கும் சுழலிகள் ஒரு காலத்தில் தோட்டந்தோறும் ஸ்டோருக்கு உயிர் கொடுத்தன; அவற்றிலும் அது வேலை செய்தது. வாட்டின் இரும்புக் குண்டுகள் செய்த பணியை இன்று விரல்நகத்தளவான உணரியும், உள்ளங்கையில் அடங்கும் கணிப்பொறியும், ஒரு மின்மோட்டாரும் செய்கின்றன. இவை மூன்றையும் ஒருசேர அறிந்தவனே மெக்கட்ரோனிக்ஸ் படித்தவன்.

இனி ஸ்டோருக்குள் செல்வோம். 1867 இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்டபோது, அவருடைய பங்களாத் திண்ணையே தொழிற்சாலை. மனிதக் கையே ரோலர். பின்னர் வில்லியம் ஜாக்சனின் உருட்டும் இயந்திரங்களும், பெல்பாஸ்ட் நகரில் சாமுவேல் டேவிட்சன் செய்த சிரோக்கோ உலர்த்திகளும் வந்தன. இருவரும் இந்தியத் தேயிலைத் தோட்டங்களிற் பழகியவர்கள் என்பது கவனிக்கத்தக்கது. கொழுந்தைத் தொட்டுப் பார்த்தவர்களே அதற்கேற்ற இயந்திரத்தைக் கண்டனர்.

கொழுந்து ஸ்டோருக்கு வந்ததும் முதலில் வாட்டப்படுகிறது. 100 கிலோ பச்சைக் கொழுந்தில் 75 கிலோவுக்கும் மேலாக நீரே இருக்கும். அந்த 100 கிலோவிலிருந்து முடிவிற் கிடைக்கும் தேயிலை ஏறக்குறைய 22 கிலோ. நீளமான வாட்டுத் தொட்டிகளிற் கொழுந்தைப் பரப்பி, அடியிலிருந்து பெரிய விசிறிகளாற் காற்றைச் செலுத்துவர். ஈர வெப்பமானியையும் உலர் வெப்பமானியையும் அருகருகே தொங்கவிட்டு, இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைப் பார்த்து, காற்றுக்கு ஈரத்தை வாங்கும் ஆற்றல் எவ்வளவு என்று அறிவர். அனுபவமிக்க டீமேக்கர் கொழுந்தை உள்ளங்கையில் அள்ளிப் பிடித்து, விரலை விரித்ததும் அது எப்படி அவிழ்கிறது என்று பார்த்தே வாட்டம் போதுமா போதாதா என்பார்.

இங்கேதான் ஒரு சிறு கணக்கைச் சொல்ல விரும்புகிறேன். வாட்டத்தின் தொடக்கத்தில் இலையின் மேலுள்ள நீர் போகும்வரை மிகுந்த காற்று வேண்டும். பின்னர் அவ்வளவு வேண்டியதில்லை. ஆயினும் விசிறி ஒரே வேகத்திற் சுழன்றால் மின்சாரம் வீணாகும். விசிறியின் வேகத்துக்கும் அது உண்ணும் மின்வலுவுக்கும் உள்ள உறவு கன விதியைப் பின்பற்றுவது. வேகத்தை ஐந்தில் நான்காகக் குறைத்தால், வலு நான்கின் கனத்தை ஐந்தின் கனத்தால் வகுத்த அளவாகும், அதாவது 125 இல் 64 பங்கு, ஏறக்குறையப் பாதி. வேகத்தில் ஐந்திலொன்றை விட்டுக்கொடுத்து, வலுவிற் பாதியைச் சேமிக்கிறோம். ஈரத்தை அறியும் உணரி ஒன்றும், மோட்டாரின் வேகத்தை மாற்றும் மின்கருவி ஒன்றும், இரண்டையும் இணைக்கும் கட்டளைத் தொடர் ஒன்றும் இருந்தால் இது தானே நடக்கும். எட்டாம் வகுப்பிற் பயிலும் கனம் என்னும் கணிதம் எதற்கு என்று கேட்கும் பிள்ளைக்கு, அதோ ஸ்டோரில் இருக்கிறது விடை.

உலர்த்தியை எடுத்துக்கொள்ளுங்கள். விறகு எரியும் அடுப்பிலிருந்து 90 பாகை சென்டிகிரேட்டுக்கு மேற்பட்ட வெப்பக் காற்று உள்ளே போகிறது. தேயிலை நகரும் தட்டுகளில் ஏறத்தாழ இருபது நிமிடம் பயணஞ் செய்து, நூற்றுக்கு மூன்று பங்கு ஈரத்துடன் வெளியே வரவேண்டும். வெப்பம் மிகுந்தால் தூளின் மேற்புறம் மட்டும் இறுகிக் காய்ந்து உள்ளே ஈரம் தங்கும். குறைந்தால் தேயிலை வேகவைத்ததுபோற் சுவை கெடும். வெளியேறும் காற்றின் வெப்பத்தை அறிந்து, அதற்கேற்ப உள்ளே வரும் கொழுந்தின் அளவையோ காற்றின் அளவையோ மாற்றவேண்டும். விளைவைப் பார்த்து வினையைத் திருத்துதல் என்னும் இதனைப் பொறியியலார் பின்னூட்டம் என்பர். உயர் டிப்ளோமாவில் இதனை ஒரு முழுப் பாடமாகவே படிப்பர். ஆனால் இதனை நாள்தோறும் செய்துகொண்டிருக்கும் உலர்த்திக்காரர், தாம் செய்வது இன்னதென்று பெயர் அறியாமலே முப்பது ஆண்டு செய்து ஓய்வு பெறுகிறார்.

எல்லாவற்றுள்ளும் மெக்கட்ரோனிக்ஸின் முழு வடிவம் என்று நான் காட்டக்கூடியது நிறம்பிரிக்கும் இயந்திரம். தேயிலைத் தூளோடு கலந்துவரும் வெளிறிய குச்சியையும் நாரையும் முன்னர்ப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கையாற் பொறுக்கினர். பின்னர் நிலைமின்னேற்றம் பெற்ற உருளைகள் நாரைக் கவர்ந்து எடுத்தன. இப்போது தூள் மெல்லிய ஓடையாக ஒரு சரிவில் வழிந்து விழுகிறது. விழும்போதே கமெராக்கள் ஒவ்வொரு துணுக்கையும் பார்க்கின்றன. கறுப்பு எது, வெளிறியது எது என்று கணிப்பொறி கணநேரத்தில் முடிவு செய்கிறது. சிறு வால்வு ஒன்று திறந்து, நெருக்கிய காற்று ஊசிபோற் பாய்ந்து குச்சியை மட்டும் தள்ளிவிடுகிறது. பார்த்தல், எண்ணல், செய்தல் ஆகிய மூன்றும் ஒரு துணுக்கு விழுந்து முடியுமுன் நடந்துவிடுகின்றன.

அண்மையில் இத்தகைய இயந்திரம் ஒன்று நின்றுபோயிருந்த ஸ்டோருக்குச் செல்ல நேர்ந்தது. பெயர் வேண்டியதில்லை. கொழும்பிலிருந்து திருத்துநர் வரவேண்டும் என்று மூன்று நாளாகக் காத்திருந்தனர். வந்தவர் கண்டது என்ன? நெருக்கிய காற்றில் ஈரம் கலந்து வால்வுகள் ஒட்டிக்கொண்டிருந்தன. கமெராவின் கண்ணாடியில் தேயிலைத் தூசு படிந்திருந்தது. ஒரு பிற்பகலில் வேலை முடிந்தது. வந்தவர் வாங்கிய கட்டணத்தை நான் கேட்கவில்லை. ஆனால் அந்த ஸ்டோரிலிருந்து கூப்பிடு தூரத்தில், சாதாரண தரத்திற் கணிதத்திலும் விஞ்ஞானத்திலும் நல்ல சித்தி பெற்ற இளைஞர் இருவர் வேலையின்றி இருந்தனர் என்பதனை அங்கேயே அறிந்தேன்.

இயந்திரம் வந்ததாற் பொறுக்கும் பெண்களின் வேலை போயிற்றே என்று ஒருவர் கேட்கலாம். கேட்பது நியாயம். போன வேலை போயிற்று. அதனை மறைத்துப் பேசுவது தகாது. ஆனால் அந்த இயந்திரத்தைப் பேணும் வேலை புதிதாகப் பிறந்தது. அது தோட்டத்துப் பிள்ளைக்குக் கிடைக்கிறதா, வெளியாருக்குக் கிடைக்கிறதா என்பதே இன்றைய கேள்வி. பொறுக்கிய தாயின் மகளே அந்த இயந்திரத்தின் திருத்துநராக வரக்கூடாதா? உணரியைச் சீர்செய்யவும் கட்டளைத் தொடர் எழுதவும் தோள்வலிமை வேண்டியதில்லை. பெண் பிள்ளைக்கு இயந்திரக் கல்வி எதற்கு என்னும் பேச்சை இனியாவது நிறுத்தலாம்.

வழி எப்படி என்பதைச் சொல்கிறேன். நமது நாட்டிலே தேசிய தொழிற்றகைமை என்னும் ஏணி ஒன்று அமைக்கப்பட்டிருக்கிறது. அதற்கு ஏழு படிகள். முதல் நான்கும் சான்றிதழ், ஐந்தாவது தேசிய டிப்ளோமா, ஆறாவது உயர் தேசிய டிப்ளோமா, ஏழாவது பட்டம். இரத்மலானையில் 2008 ஆம் ஆண்டின் 31 ஆம் இலக்கச் சட்டத்தாற் பிறந்த, யூனிவோடெக் எனப் பலரும் சுருக்கி அழைக்கும் பல்கலைக்கழகம் அந்த ஏழாம் படியைத் தருவது. மெக்கட்ரோனிக்ஸ் தொழினுட்பத்தில் அங்கே பட்டப்படிப்பே உண்டு. இந்த ஏணியின் சிறப்பு யாதெனில், உயர்தரப் பரீட்சையிற் பல்கலைக்கழகப் புள்ளி பெறாதவனும் கீழ்ப்படியிலிருந்து ஏறி மேற்படியை அடையலாம். நான்காம் படியிலிருந்து ஐந்தாம் படிக்குப் போக இடைப்பாலமாக ஒரு பயிற்சியும் வைத்திருக்கின்றனர்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. பல ஆண்டு ஸ்டோரில் பிட்டராக, மின்வேலைக்காரராக உழைத்தவர் வகுப்புக்குப் போகாமலே தம் கைத்திறனைச் சோதனைக்கு உட்படுத்திச் சான்றிதழ் பெறலாம். முன்னர்க் கற்றதை ஏற்றுக்கொள்ளும் இந்த முறையை, நைட்டா என வழங்கும் பயிலுநர் பயிற்சி அதிகாரசபையினர் நடத்துகின்றனர். நாற்பது வயதுத் தந்தையும் பதினேழு வயது மகனும் ஒரே ஏணியின் வெவ்வேறு படியில் நிற்கலாம் என்பது நமக்குப் புதிய காட்சி.

பாடசாலையிலும் ஒரு வாயில் திறந்திருக்கிறது. 2013 இல் உயர்தரத்திற் தொழினுட்பத் துறை தொடங்கப்பட்டது. பொறியியற் தொழினுட்பவியல், தொழினுட்பத்துக்கான விஞ்ஞானம் என்ற பாடங்கள் மெக்கட்ரோனிக்ஸுக்கு நேரான அடித்தளம். கணித, விஞ்ஞானப் பிரிவுகளைச் சிறப்பாக நடத்தும் தமிழ்ப் பாடசாலைகள், அட்டன் ஹைலண்ட்ஸ் கல்லூரி போல, நம் மாவட்டத்தில் விரல்விட்டு எண்ணத்தக்கனவாகவே இருக்கின்றன. அங்கே இடங் கிடைக்காத பிள்ளை வேறு துறைக்குப் போகுமுன், தொழினுட்பத் துறை அருகில் எங்கே உண்டு என்று ஆசிரியரிடம் ஒருமுறை கேட்கட்டும்.

இனி இடர்களைச் சொல்லாமல் விட்டால் நான் ஆசைகாட்டி ஏமாற்றியவனாவேன்.

முதல் இடர் மொழி. பாடசாலையில் எல்லாவற்றையும் தமிழிற் பயின்ற பிள்ளை, டிப்ளோமா வகுப்பில் ஆங்கிலத்தைச் சந்திக்கிறது. பட்டறையில் பெரும்பாலும் சிங்களத்தைச் சந்திக்கிறது. முதலாண்டிலே படிப்பை விட்டுத் திரும்புவோரிற் பலர் அறிவுக் குறைவால் திரும்புவதில்லை. விரிவுரை விளங்காமையால் திரும்புகின்றனர். இதற்கு நான் அறிந்த மருந்து ஒன்றே. உராய்வு என்றால் என்ன என்று தமிழில் ஐயமற அறிந்தவன் அதன் ஆங்கிலப் பெயரை ஒரே நாளிற் கற்பான். உராய்வையே அறியாதவன் ஆங்கிலப் பெயரை நூறு முறை எழுதினாலும் பயனில்லை. ஆதலின் பத்தாம் வகுப்பிலிருந்தே ஒரு குறிப்புப் புத்தகத்தை இரண்டாக மடித்து, ஒரு பக்கம் முறுக்கம், அமுக்கம், மின்னோட்டம் எனத் தமிழிலும், மறுபக்கம் அவற்றின் ஆங்கிலப் பெயரையும் எழுதிவரவேண்டும். சிங்களத்தைப் பேசப் பழகுவதற்கு நம் கடைத்தெருவே போதும்.

இரண்டாவது கணிதம். இயந்திரத்தைக் கையாற் கழற்றிப் பூட்டும் ஆசையோடு வந்தவர், வகையீடும் சிக்கலெண்ணும் கண்டு திகைப்பர். டிப்ளோமாவில் வரைபடம், பொருள்களின் வலிமை, மின்சுற்று, இலத்திரனியல், எண்ணெயாலும் காற்றாலும் இயங்கும் பொறிகள், கட்டளைத் தொடர் எழுதுதல், ரோபோ எனப் பலவும் உண்டு. எல்லாவற்றையும் கோத்திருக்கும் நூல் கணிதம். அதற்குக் குறுக்குவழி இல்லை.

மூன்றாவது பத்திரம். இது சிறிய செய்திபோலத் தோன்றும். 1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றோரான மக்களின் வழித்தோன்றல்கள் நாம். எஞ்சியிருந்தோருக்கு 2003 ஆம் ஆண்டுச் சட்டத்தாலேயே உரிமை முழுமையாகக் கிட்டியது. பத்திரத்தைப் பேணும் வழக்கம் நம்மிடையே வேரூன்றக் காலம் போதவில்லை. பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், பாடசாலைப் பதிவில் வேறு பெயர், அடையாள அட்டையில் மூன்றாவது எழுத்து என்று இருந்தால், விண்ணப்ப முடிவுநாளுக்குள் திருத்திக்கொள்ள இயலாது. பிள்ளை ஒன்பதாம் வகுப்பில் இருக்கும்போதே பெற்றோர் இதனைச் சரிசெய்துவிடுதல் நன்று.

நான்காவது பணமும் தூரமும். அட்டனை அடுத்துத் தொண்டமான் பெயரில் தொழிற்பயிற்சி நிலையம் உண்டு. கீழ்ப்படிகளுக்கு அருகிலுள்ள இத்தகைய நிலையங்கள் உதவும். மேற்படிகளுக்கு மலையைவிட்டு இறங்கத்தான் வேண்டும். அரசாங்க நிலையங்களிற் கற்பிக்கும் கட்டணம் பெரிதன்று. தங்குமிடமும் உணவுமே பெரிது. தனியார் நிலையங்களிற் சேருமுன், அவர்கள் தரும் டிப்ளோமா தேசிய தொழிற்றகைமையில் எத்தனையாவது படி என்று எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். வண்ணத் துண்டுப்பிரசுரத்தைக் கண்டு தாயின் நகையை அடகுவைத்துப் பணங் கட்டிய பின்னர், அந்தச் சான்றிதழுக்கு மதிப்பில்லை என்று அறிந்து வருந்தியோர் நம்மிடையே உண்டு.

வெளிநாடுகளில் இக்கல்விக்கு எத்தகைய இடம் என்பதற்கு ஒரு சான்று சொல்கிறேன். ஜேர்மனியில் 1998 இல் மெக்கட்ரோனிக்ஸ் தனித் தொழிலாக ஏற்கப்பட்டது. மூன்றரை ஆண்டு பயிற்சி. தொழிற்சாலையில் வேலை, பாடசாலையிற் பாடம், இரண்டும் மாறி மாறி நடக்கும். பயிலும் காலத்திலேயே ஊதியமும் உண்டு. அந்நாட்டு உதவியுடன் கிளிநொச்சி அறிவியல் நகரில் 2016 இல் திறக்கப்பட்ட பயிற்சி நிலையத்தின் செய்தியையும் நம் இளைஞர் கேட்டறியலாம். தமிழ்ச் சூழலில் தொழில் பயில வடக்கு நோக்கிப் போவதிற் குற்றமில்லை.

லக்சபான நீர்வீழ்ச்சியிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று பொறியியலாளர் விமலசுரேந்திரா 1918 இலேயே எழுதினார். 1950 இல் அது நிறைவேறியது. நோர்ட்டன் பிரிட்ஜ், காசல்ரீ, மவுசாக்கலை, 2012 இல் மேல் கொத்மலை என்று நம் மலைகளில் எழுந்த அணைகளும் நிலையங்களும் நாட்டுக்கெல்லாம் ஒளி தந்தன. அந்த மின்கம்பிகளுக்கு அடியிலே நெடுங்காலம் குப்பிவிளக்கில் படித்தவர்கள் நம் தந்தையரும் தாயரும். கம்பி கட்டவும் குழாய் சுமக்கவும் நம் கைகள் இருந்தன. கட்டுப்பாட்டு அறையில் நம்மவர் மிகச் சிலரே இருந்தனர்.

தோட்ட நிருவாகிகளிடமும் டீமேக்கர்மாரிடமும் ஒன்று கேட்க விரும்புகிறேன். ஆண்டுக்கு ஒருநாள், கொழுந்து குறைந்த காலத்தில், அருகிலுள்ள பாடசாலையின் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை ஸ்டோருக்குள் அழையுங்கள். சுற்றுலாப் பயணிகளுக்குக் காட்டுகிறீர்கள்; அதே வழியைப் பிள்ளைகளுக்கும் காட்டுங்கள். உலர்த்தியின் வெப்பமானியை அவர்களே படிக்கட்டும். நிறம்பிரிக்கும் இயந்திரத்தின் மூடியை உங்கள் பிட்டர் ஒருமுறை திறந்து காட்டட்டும். ஆசிரியர்கள் முன்கூட்டியே கடிதம் எழுதினால் மறுக்கும் நிருவாகி அரிது என்றே நம்புகிறேன்.

சாதாரண தரப் பரீட்சை முடிந்து பெறுபேறு வரும்வரை சில மாதம் இருக்கிறது. அந்தச் சில மாதத்தில் ஆங்கிலமும், பக்கத்துப் பட்டணத்து மின்வேலைக்காரரிடம் ஒரு மோட்டாரைக் கழற்றிப் பூட்டும் பழக்கமும் கிடைத்தாற் போதும்; விண்ணப்பம் நிரப்பும் நாளில் என்ன படிக்க விரும்புகிறாய் என்ற கேள்விக்குப் பிள்ளை தானே விடை எழுதும்.